பதினோராவது கதவு

கடைசியாக நானும் அம்மாவும் சேர்ந்து செய்த வேலை, அவளுடைய தபால் வண்டிக்குச் சக்கரம் மாற்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அந்தத் தள்ளுவண்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தோம். இடது சக்கரத்தில் பேரிங் போயிருந்தது. புதுச் சக்கரம் கேட்டு அம்மா விண்ணப்பம் கொடுத்து ஏழு மாதம் ஆகிவிட்டது. துறை நஷ்டத்தில் ஓடுவதால் உதிரிபாகம் வாங்குவது நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று ஒரே ஒரு பதில் வந்தது, வீட்டு முகவரிக்கு. எங்கள் தெருவுக்குத் தபால் கொடுப்பது அம்மாதான். அந்தப் பதிலையும் அவளே எடுத்துவந்து, எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் போட்டு, சாயங்காலம் அவளே குனிந்து எடுத்துப் படித்தாள்.

சக்கரத்தை நான் கடையில் வாங்கிப் போயிருந்தேன். நட்டு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது.

"ஸ்பேனர் மேல சாயாதடி, வழுக்கும்."

"நீ வண்டியைப் பிடி. ஆடுது."

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன். முப்பத்தொரு வருஷமா அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன்."

நட்டு கழன்றது. புதுச் சக்கரத்தை மாட்டிக் கையால் சுழற்றிவிட்டேன். சத்தமில்லாமல் சுற்றியது. அம்மா அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எவ்வளவு பாரம் தாங்கும்?"

"அறுபது கிலோ."

"அதுக்கு ரெண்டு பங்கு வச்சா?"

"எதுக்கு வைக்கணும்?"

"சும்மா கேட்டேன்."

அம்மா எதையும் சும்மா கேட்கிறவள் இல்லை. எனக்கு அன்று அது உறைக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு டீ குடித்தோம். நான் தங்கியிருந்த அறைக்குத் திரும்பினேன். வியாழக்கிழமை அவள் இறந்தாள். வயது ஐம்பத்து மூன்று.

ஒரு தபால்காரர் தினமும் நடக்கும் தெருக்களுக்கு 'பீட்' என்று பெயர். அம்மாவுடையது பதினான்காம் பீட். முந்நூற்று எண்பது கதவுகள். இருபத்திரண்டு வயதில் தற்காலிக ஊழியராகச் சேர்ந்து, எட்டு வருடம் கழித்து நிரந்தரமானாள். அந்த முந்நூற்று எண்பது கதவுகளில் ஒன்று என் அப்பாவுடையது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவர் எங்களை விட்டு, இரண்டு தெரு தள்ளி வேறொரு குடும்பத்தோடு குடியேறினார். தூரமாகப் போகக்கூட அவருக்குச் சோம்பல். ஆறு வருடம் அம்மா அவருக்குத் தபால் கொடுத்தாள். ஒன்றுகூடத் தவறியதில்லை.

"எப்படிம்மா அவருக்குப் போய்க் குடுக்கிற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு ஆகாதது அந்த ஆளைத்தான். தபால் என்ன பாவம் பண்ணுச்சு?"

அலுவலகத்தில் அவளைத் 'தலைகீழக்கா' என்று கூப்பிடுவார்கள். காரணம் உண்டு. காலையில் தபாலைத் தெரு வரிசையில் அடுக்கிக் கட்டும்போது, சில வீட்டுக் கடிதங்களை மட்டும் அவள் தலைகீழாகத் திருப்பிச் செருகுவாள். நடந்துகொண்டே கட்டைப் பிரிக்கையில் முகவரி தலைகீழாக வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெட்டியில் போடாதே, மேலே ஏறு, தட்டு, காத்திரு. படுத்த படுக்கையாக இருப்பவர், காது கேட்காதவர், படியிறங்க முடியாதவர். அவள் விடுப்பில் போகும்போது வேறு ஆள் அந்த பீட்டுக்கு வந்தால் அவருக்கும் தெரியவேண்டும் என்று ஆரம்பித்த வழக்கம் அது. எதையும் எழுதிவைக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசி வருடத்தில் அப்படிப் பதினொரு வீடுகள்.

பிறகு, செலவைக் குறைக்க வழி சொல்லத் துறை அமர்த்திய ஆலோசகர் வந்தார்.

துறையின் நஷ்டம் பொய்யில்லை. கடிதங்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. நான் அதை மறுக்கவில்லை. ஊழியர் கூட்டத்தில் ஆலோசகர் திரையில் ஒரு வரைபடக் கோட்டைக் காட்டினார். அது மாடிப்படி மாதிரி இறங்கியதாம். துறை தினமும் நஷ்டத்தில் எழுந்து நஷ்டத்தில் படுக்கிறது என்றார். அம்மா கையைத் தூக்கியிருக்கிறாள்.

"அப்ப தபாலே குடுக்காம இருந்தா லாபம்தானே சார்?"

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ஆலோசகர் சிரிக்கவில்லை. கையிலிருந்த நோட்டில் குறித்துக்கொண்டாராம். இதை அம்மா எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "எழுதிக்கிட்டான்டி! எனக்கு அப்பவே பயமா இருந்துச்சு."

அடுத்த மாதம் ஆளுக்கொரு கைக்கருவி கொடுத்தார்கள். எந்தக் கதவுக்கு எத்தனை விநாடி ஆனது, எங்கே கால் நின்றது, எல்லாம் அதில் பதிவாகும். அந்தக் கருவிகளுக்கு வாடகை. ஒன்றின் ஒரு வருட வாடகையில் நாற்பது சக்கரம் வாங்கலாம். நான் விசாரித்துத்தான் சொல்கிறேன்.

ஒரு கதவுக்குச் சராசரி நாற்பத்தொரு விநாடி என்பது இலக்கு. அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வந்தது. அலுவலகச் சுவரில் ஒட்டிய பட்டியலில் பதினான்காம் பீட் மட்டும் சிவப்பு. மூன்று மாதத்தில் சரியாகாவிட்டால் அந்த பீட்டைக் கலைத்து அக்கம்பக்கத்து பீட்களோடு சேர்த்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பதினொரு வீட்டுக்கும் யாரும் மாடியேற மாட்டார்கள். ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிடங்குக்கு அவர்களே போய் வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டிலைவிட்டு இறங்க முடியாதவர்கள்.

அம்மா மாற்றல் கேட்டிருக்கலாம். விருப்ப ஓய்வில் போயிருக்கலாம். அவள் தன் பீட்டைக் காப்பாற்றப் பார்த்தாள்.

பக்கத்துப் பதின்மூன்றாம் பீட்காரருக்கு 'ஓட்டம்' என்று பெயர். அவருக்கு முப்பத்தாறு விநாடிதான். அவர் ரகசியத்தை மறைக்கவில்லை.

"அக்கா, மாடி வீடா? கீழ நின்னுக்கிட்டே மெஷின்ல 'கதவு பூட்டி'ன்னு ஒரு அமுக்கு அமுக்குங்க. கதவு வந்து புகார் குடுக்கவா போகுது?"

"உள்ள இருக்கிறவங்க?"

"அவங்களால இறங்கி வரமுடிஞ்சாதானே புகார் குடுப்பாங்க?"

அம்மா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஆனால் அவர் சொன்னதை மறக்கவில்லை.

நான் வேலை செய்வது அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் கூடத்தில். தராசு, வெப்பமானி, அழுத்தமானி. அவை காட்டுவது சரிதானா என்று பார்ப்பது என் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, அலுவலகத்தில் கேட்டு எடுத்துவந்த தன் கைக்கருவியை என் முன்னால் வைத்தாள்.

"இது ஒழுங்கா நேரம் காட்டுதான்னு பாரு. எனக்கு மட்டும் வேகமா ஓடுதோன்னு சந்தேகமா இருக்கு."

பார்த்தேன். என்னுடைய கருவியோடு ஒப்பிட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். ஒரு விநாடிகூட வித்தியாசமில்லை.

"கருவி சரிதாம்மா."

"அப்ப நான்தான் தப்பு."

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எதை அளக்கிறோம் என்பதே தவறு என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் கூடத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுடைய பதிவுகளை வாங்கிக் கணக்குப் போட்டேன். அந்தப் பதினொரு வீட்டுக்கும் தலா ஏழு நிமிடம் போகிறது. ஏறுவது, தட்டுவது, உள்ளே இருப்பவர் எழுந்து நடந்து வரும்வரை நிற்பது, இறங்குவது. அந்த நிற்கிற நேரத்துக்கு அறிக்கையில் 'வீண் நேரம்' என்று தனிப் பத்தி வைத்திருந்தார்கள். மற்ற வீடுகளில் அவள் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

"அந்தப் பதினொண்ணையும் எடுத்துட்டா உன் சராசரி நாப்பத்தொண்ணுக்குள்ள வந்துரும்மா."

எவ்வளவு அபத்தமான இலக்கு என்று காட்டத்தான் சொன்னேன். அம்மா பேப்பரை வாங்கிப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் என்ன செய்தாள் என்பது எனக்கு அவள் செத்த பிறகுதான் தெரியும். அந்தப் பதினொரு வீட்டு வாசலிலும் கீழே நின்று 'கதவு பூட்டி' என்று அமுக்கினாள். வேலையில் அவள் சொன்ன முதல் பொய் அது. மூன்று மணிக்கு அலுவலகம் போய், கருவியை ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு வெளியே வந்தாள். பிறகு அந்தப் பதினொரு வீட்டுத் தபாலையும் பையில் வைத்துக்கொண்டு மறுபடி நடந்தாள். சம்பளம் இல்லாத நேரம். கருவி இல்லாத நேரம். ஒவ்வொரு மாடியாக ஏறி, தட்டி, நின்று, கொடுத்தாள். சாயங்காலம் போனில் ஏன் மூச்சு வாங்குகிறது என்று நான் கேட்டால், "டாக்டர் நடக்கச் சொன்னார்டி" என்பாள். டாக்டர் அவளிடம் படியேறாதே என்று சொல்லியிருந்தார். அந்தச் சீட்டு பிறகு அலமாரியில் கிடைத்தது.

மூன்று மாதம் முடிந்தபோது பதினான்காம் பீட்டின் சராசரி முப்பத்தொன்பது. சுவரில் பச்சை. ஆலோசகர் கைகொடுத்தார். சட்டம் போட்ட பாராட்டுச் சான்றிதழ் ஒன்றும் கொடுத்தார்கள். சக்கரத்துக்குக் காசில்லாத துறையிடம் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் காசு இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சுற்றறிக்கை வந்தது. ஐம்பது வயது தாண்டிய ஊழியரே முப்பத்தொன்பது விநாடியில் முடிக்கும்போது, பீட்களில் ஆள் மிச்சம் இருப்பது நிரூபணமாகிறது. ஆகவே பதின்மூன்றும் பதினான்கும் அடுத்த மாதம் முதல் ஒரே பீட். ஒரே ஆள். பச்சை வராத பீட்டைக் கலைப்போம் என்றார்கள். பச்சை வந்ததும் அதையே காட்டிக் கலைத்தார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் சக்கரம் மாற்றினோம். ரெண்டு பங்கு வச்சா, என்று கேட்டாளே, அது அதற்குத்தான். ஒன்றான பீட்டைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ள நினைத்திருக்கிறாள். எழுநூற்று நாற்பது கதவு. ஓட்டத்திடம் சொல்லியிருக்கிறாள்: "நீ கீழ நின்னே அமுக்குவே. எனக்கு விட்டுரு."

அந்த வியாழக்கிழமை பத்து வீட்டுக்குக் கொடுத்து முடித்திருந்தாள். பதினோராவது, ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கும் தையல்காரருடையது. லிஃப்ட் இல்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் விழுந்தாள். இதயம். அந்த மாடிக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தபோது பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாளாம்.

பதினைந்து நாள் கழித்துத் துறையிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. இரண்டு பத்தி. முதலாவது: சம்பவம் பணி நேரத்துக்கு வெளியே நடந்திருப்பதால் பணிக்கால மரணமாகக் கருத இயலாது. இரண்டாவது: பணி நேரத்துக்குப் பிறகு அனுமதியின்றித் தபால் பொருள் ஒன்று மேற்படி ஊழியர் வசம் இருந்தது குறித்து விசாரணை நடைபெறுகிறது.

மேற்படி ஊழியர். ஒரு மாதம் கழித்துத்தான் அந்தக் கடிதத்தோடு போஸ்ட்மாஸ்டரைப் பார்க்கப் போனேன். அம்மாவின் சான்றிதழ் இன்னும் சுவரில் தொங்கியது.

"உக்காரும்மா. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார். அவங்க எதுக்கு மூணு மணிக்கு மேல நடந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் பேனாவைத் திறந்து மூடினார். "தெரியும்னு எழுத முடியாதும்மா. எழுதினா நான் ஏன் தடுக்கலைன்னு என்னைக் கேப்பாங்க."

"அப்ப தெரியும்."

"உங்கம்மா நல்ல மனுஷி. ஆனா நான் என்ன பண்றது? எல்லாம் மேல இருந்து வருது."

"மேலன்னா எத்தனாவது மாடி சார்? எங்கம்மா தினமும் ஏறினாங்க. நீங்க ஒரு தடவை ஏறிக் கேக்கக்கூடாதா?"

எனக்குப் பணம் வேண்டாம் என்றேன். வேலை செய்யும்போது செத்தாள் என்று ஒரு வரி எழுதிக்கொடுங்கள் என்றேன். அதற்குப் படிவம் இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே இல்லை.

ஓட்டம் வாசல்வரை வந்தார். அம்மாவின் பையையும் அதிலிருந்த சின்ன நோட்டையும் கொடுத்தார். எண்பது பக்க நோட்டு. நாள்வாரியாகப் பதினொரு வரி. கொடுத்து முடித்ததும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் பத்து வரி அடிபட்டிருந்தன. பதினோராவது அடிபடவில்லை: 'தையல்காரர், 3ஆம் மாடி, மூக்குக்கண்ணாடி.'

"அந்தப் பொட்டலம் எங்க?"

"விசாரணைக்குன்னு எடுத்து வச்சாங்க. அப்புறம் விசாரணை முடிஞ்சு என் கைக்கு வந்துச்சு." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு தடவை அமுக்கினேன்மா. அக்காவோடதும் சேர்த்து மூணு. மூணு தடவை பூட்டின்னா கிடங்குக்குப் போயிரும்."

"மேல ஏறலையா?"

"எழுநூத்தி நாப்பது கதவும்மா. முப்பத்தெட்டு விநாடி ஆக்கிட்டாங்க."

அவரைத் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். மனிதர் கறுத்து, இளைத்து, செருப்புப் பிய்ந்து நின்றார். திட்டவில்லை.

தையல்காரர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிற்காமல் ஏறினேன். தட்டினேன். உள்ளே நாற்காலி நகர்ந்தது, கைத்தடி ஊன்றும் சத்தம், பிறகு சுவரைத் தடவும் சத்தம். பழக்கதோஷம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்று நான்கு விநாடியில் கதவு திறந்தது.

"தபால்காரம்மா மாதிரி தட்டிட்டு நிக்கிறது யாரு?"

"அவங்க பொண்ணு, ஐயா."

உள்ளே ஒரே அறை. ஜன்னலோரம் தையல் இயந்திரம், பக்கத்தில் காலர் பிரித்த சட்டைகள் குவிந்திருந்தன. கண்ணாடி கீறல் விழுந்ததால் புதுக் கண்ணாடி போட அனுப்பியிருந்தாராம். அது வராமல் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஊசியே தெரியவில்லை.

"உங்கம்மாவோட மழைக்கோட்டுல உள்பக்கம் ஒரு பை தச்சுக் குடுத்தேன். கையில வச்சிருப்பாங்களே, அந்த மெஷின் நனையக்கூடாதுன்னு கேட்டாங்க. நல்லா தாங்குச்சா?"

"நல்லா தாங்குச்சு ஐயா."

"அன்னைக்கு ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சு. தபால்காரம்மான்னு கூப்பிட்டேன். எழுந்து வர்றதுக்குள்ள..." கையை விரித்தார். "நான் கொஞ்சம் மெதுவா வர்ற ஆளு."

"அவங்க காத்திருப்பாங்க ஐயா" என்றேன்.

கிடங்குக்குப் போனேன். ஆறு கிலோமீட்டர், இரண்டு பஸ். நான்கு கவுன்ட்டர்களில் ஒன்றுதான் திறந்திருந்தது. மற்ற மூன்றிலும் சிக்கன நடவடிக்கை என்று அட்டை. கவுன்ட்டர் பெண் என் வயதுக்காரி.

"முகவரிக்காரர்தான் நேர்ல வரணும்."

"அவரால மாடியிறங்க முடியாது."

"அப்ப யாராவது ஒருத்தருக்கு அதிகாரக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

மறுநாள் தையல்காரரிடம் போய் எழுதி வாங்கினேன். தாளில் அவர் விரலைப் பிடித்து இடம் காட்டினேன். கையெழுத்து, கோட்டைத் தாண்டி மேலே ஏறி, கடைசி எழுத்து விளிம்பில் போய் நின்றது. மறுபடி இரண்டு பஸ். கவுன்ட்டர் பெண் கணினியில் இருந்த பழைய கையெழுத்தையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒத்துப்போகலையே."

"கண்ணாடி இல்லாம போட்டிருக்கார்."

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் போடச் சொல்லுங்க."

"அந்தக் கண்ணாடி உங்க பின்னால இருக்கு. மூணாவது தட்டு, ஓரத்துல."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிடம் அப்படியே இருந்தாள். எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் மேசையிலும் ஒரு கருவி இருந்தது. அதன் விளக்கு மஞ்சளாகி, பிறகு சிவப்பானது. எனக்காக அவள் செலவழித்த நேரம்.

"மேடம், எனக்குப் புரியுது. பின்னால ஆள் நிக்கிறாங்க."

கிடங்கில் பதினைந்து நாள் வைத்திருப்பார்கள். பிறகு அனுப்பிய கடைக்கே திரும்பிப் போய்விடும். இன்று பதின்மூன்றாம் நாள். பொட்டலம் அங்கேதான் இருக்கிறது. பழுப்பு அட்டைப்பெட்டி, உள்ளங்கை அகலம், நூற்றைம்பது கிராம்கூட இருக்காது. அம்மாவின் பை இங்கே என் மேசைமேல் இருக்கிறது. நோட்டில் அந்த ஒரு வரியை நான் அடிக்கவில்லை.